பம்பர் குலுக்கல்

சிவகாசியில் செய்கிற சரக்குக்கு வாரண்டி கிடையாது. கொடுக்கவும் முடியாது. தீப்பெட்டியில் உள்ள குச்சி பற்றுமா பற்றாதா என்று சோதிக்க ஒரே வழி உரசிப் பார்ப்பதுதான். உரசிப் பார்த்தபின் அது குச்சி இல்லை, கரி. பட்டாசும் அப்படியே. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். வருஷம் முழுக்கச் செய்த சரக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்குள் தன் திறமையைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால்? நமுத்துப்போன சரவெடியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் போய் நின்ற ஆளை நான் பார்த்ததில்லை. திரியோடு தூங்கிவிட்ட புஸ்வாணத்தை நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததைக் கொளுத்துவதுதான் நம் ஜனங்களின் நுகர்வோர் பாதுகாப்பு. (அணைந்த வெடியின் மேல் குனிந்து பார்க்காதீர்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். இதை எழுதாமல் விட்டால் என் சித்தப்பா வீட்டுக்கே வந்துவிடுவார்.)

பட்டாசு, தீப்பெட்டிக்கு அடுத்து ஊரின் மூன்றாவது தொழில் அச்சு. நான் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ராகு காலத்துக்குப் போட வேண்டிய நேரத்தை எமகண்டத்துக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப் பதினெட்டுக்கு வெளியாகும் என்பதால் ஆனி மாதம் பிறந்தாலே எங்களுக்குக் கண் எரியும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஷோரூமிலிருந்து போன் வந்தது.

"சார், உங்க வண்டியோட வாரண்டி முடியப்போகுது சார்."

பெரிய ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று சொல்வார்களே, அந்தக் குரல். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்துக்கொண்டால் இன்னும் இரண்டு வருஷம் கவலையில்லாமல் இருக்கலாமாம். 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட பத்தொன்பதாயிரம் ரூபாய். இந்த மாதத்துக்குள் எடுத்தால் இந்த விலை. வாரண்டி முடிந்துவிட்டால் பிறகு நினைத்தாலும் எடுக்க முடியாது. நான் யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க சார். ஆனா ஏ.சி. கம்ப்ரஸர் போச்சுன்னா மட்டும் முப்பதாயிரம் சார்" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அந்தப் பெண். ஒரு ரூபாய்த் தீப்பெட்டியைப் பதினாலு வருஷம் அதே ஒரு ரூபாய்க்கு விற்றுவிட்டு, 2021 டிசம்பரில்தான் தயங்கித் தயங்கி இரண்டு ரூபாய் ஆக்கிய ஊர்க்காரன் நான். மாதக் கடைசியில் விலை ஏறும் என்று யாராவது மிரட்டினால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை; அதிசயமாகத்தான் இருக்கிறது.

அன்று மத்தியானமே வாரண்டிப் புத்தகத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோய், பிளேட்டில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் லென்ஸை வைத்துப் படித்தேன். மற்றவர்களுக்கு அது கால்புள்ளி அளவுக்குப் பொடி எழுத்து. எனக்குச் சோறு போடுவதே பொடி எழுத்துதான்.

படித்ததில் ஒரு விஷயம் துலங்கியது. எனக்குப் பெயர் தெரிந்த எந்தப் பாகமும் கவரேஜில் இல்லை. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, டயர், பேட்டரி, ரப்பர் சாமான்கள் என்று நானும் என்னைப் போன்றவர்களும் வழக்கமாகப் பணம் கொட்டுகிற எல்லாமே 'தேய்மானம்' என்ற தலைப்பின்கீழ் வெளியே நிற்கின்றன. உள்ளே இருப்பவை இ.சி.யு., த்ராட்டில் பாடி, ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் மோட்டார், கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகள். இவை எல்லாம் என் வண்டியில் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்கும் நிபந்தனைகள். குறித்த தேதியில், குறித்த கிலோமீட்டரில், கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். ஒயரை வெட்டி வெளியாள் ஹாரன் மாட்டியிருக்கக் கூடாது. (திருத்தங்கல் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே கம்பெனி ஹாரனை மட்டும் நம்பி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை தெரியும்.) வெள்ளத்தில் நின்ற வண்டி, கலப்பட டீசல் குடித்த வண்டி, எலி கடித்த வண்டி எதுவும் கூடாது. விபத்து, திருட்டு, தீ எல்லாம் இன்சூரன்ஸின் பாடு. ஆக, வண்டி யாரும் எதுவும் செய்யாமல், தானாக, உற்பத்திக் குறையினால் மட்டும் கெட வேண்டும். கெட்டது குறையினாலா தேய்மானத்தினாலா என்று தீர்ப்புச் சொல்பவர் யார் என்று தேடினேன். பணம் கொடுக்க வேண்டியவர்களேதான்.

எங்கள் அச்சகத்தில் பழைய ஆட்கள் இன்னும் லாட்டரிக் காலத்தைப் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்பு சிவகாசி மெஷின்கள் ராப்பகலாக டிக்கெட் அடித்த காலம் அது. எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எனக்கு அப்படி ஒரு டிக்கெட்டாகத்தான் தோன்றுகிறது. ஒரே வித்தியாசம், இதில் பரிசு விழ வேண்டுமானால் உங்கள் கியர்பாக்ஸ் உடைய வேண்டும். உடையாவிட்டால் பத்தொன்பதாயிரம் போச்சு. உடைந்தால் அதிர்ஷ்டசாலி.

இதனால் மனுஷனுடைய புத்தி எப்படித் திரிகிறது என்பதை எங்கள் மெஷின்மேன் அண்ணனிடம் பார்த்தேன். அவர் வாரண்டி எடுத்தவர். அதற்கு முன்பெல்லாம் வண்டியில் சத்தம் வந்தால் ரேடியோவைக் கூட்டி வைக்கிற மனிதர். எடுத்த பிறகு, ரேடியோவை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். "ஏதோ லேசா கறகறங்குதுல்ல?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஆசையோடு கேட்பார். இல்லையே என்றால் முகம் வாடிவிடும். வாரண்டி முடிவதற்கு முந்தின வாரம் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய், "தம்பி, எதாச்சும் போயிருக்கான்னு நல்லாப் பாருங்க. சும்மா பாக்காதீங்க, கீழ படுத்துப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் எல்லாம் நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மனுஷன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2013-இல் தன் சந்தாதாரர்களைக் கேட்டபோது, கார் வாரண்டியை நீட்டித்தவர்களில் 55 சதவீதம் பேர் அதைக் கடைசிவரை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்ததாம். பரிசு விழுந்த மீதிப் பேரிலும் பெரும்பாலோருக்கு டிக்கெட் காசு தேறவில்லை.

வீட்டில் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. அம்மாவைப் பொறுத்தவரை, வண்டி எடுத்த அன்றைக்கே இருக்கன்குடி மாரியம்மன் கோவில் வாசலில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்ததோடு அந்தச் சோலி முடிந்துவிட்டது. அதில் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, தேய்மானமும் அதில் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சித்தப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது, செல்போன் கேட்டிலேயே என்று காலம் பூராவும் எண்ணிக்கொண்டே இருந்து பழகியவர். பொடி எழுத்து நிபந்தனைகளை ஏதோ சுவிசேஷம் கேட்கிறவர்போல் முழுசாகக் கேட்டார். பிறகு, "ஆயில் எப்பம் மாத்துன?" என்றார். சொன்னேன். "பெறகென்ன. எங்க எடத்துல ஒண்ணு ஆச்சுன்னா நடக்கக் கால் இருக்காதுப்பா. வண்டி நின்னா எறங்கி நடக்கலாம்ல?" என்றுவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் ஏ.சி. கம்ப்ரஸரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மனைவி கட்சி வேறு. "பணத்துக்காக இல்லங்க. ராத்திரி நேரத்துல சாத்தூரத் தாண்டி நாலுவழிச் சாலையில பிள்ளைகளோட நின்னா என்ன செய்வீங்க?" நியாயமான பயம். ஆனால் வாரண்டி என்பது நடுச்சாலைக்கு வந்து கைகொடுக்கும் ஜீவன் இல்லை. அதற்கு ரோடுசைடு அசிஸ்டன்ஸ் என்று வேறொன்று, மிகக் குறைந்த விலையில் இருக்கிறது. இதைச் சொன்னேன். "அப்ப ரெண்டையும் எடுங்க" என்றாள். கேஸ் விருதுநகர் பெஞ்சுக்குப் போயிற்று.

மாமனாருக்கு விருதுநகரில் பருப்பு கமிஷன் மண்டி. பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று துவரம்பருப்பு, வத்தல், மல்லி விலை போடுவார்களே, அதைப் பேப்பர்காரன் படிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருக்கும் தலைமுறை. எண்ணெய்ப் பரோட்டா பார்சலைப் பிரித்து என் பக்கம் தள்ளிவிட்டு, விசாரணையை ஆரம்பித்தார்.

"மாப்ள, ஆயிரம் பேரு ஆளுக்குப் பத்தொன்பதாயிரம் குடுத்தா எவ்வளவு?"

"ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் மாமா."

"அதுல எத்தன பேருக்கு கியர்பாக்ஸ் போகும்?"

"தெரியலையே மாமா."

"உங்களுக்குத் தெரியல. அவனுக்குத் தெரியும்ல? தெரிஞ்சவன்கிட்ட தெரியாதவன் பந்தயம் கட்டலாமா?"

நான் பரோட்டாவைப் பிய்த்தேன். அவர் மகமைக்கு வந்துவிட்டார். வருவார் என்று தெரியும். விருதுநகரில் எந்தப் பேச்சும் மூன்றாவது வாக்கியத்தில் அங்கே வந்து சேரும். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்கள் சமூகச் சங்கமான உறவின்முறைக்குக் கொடுத்த காசு அது. வீட்டுப் பெண்கள் உலையில் போடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசி இன்னொரு பக்கம். இவற்றால் நடந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். "நாங்களும் ஆயிரம் பேருகிட்ட வாங்குனோம். எவனுக்கு முடையோ அவனுக்குச் செஞ்சோம். மீதிக்குப் பள்ளிக்கூடம் கட்டுனோம். இவன் மீதியில என்ன கட்டப்போறான்?"

இதற்கு ஷோரூம் பெண்ணிடமே பதில் இருக்காது. அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமுமில்லை, மாதம் இத்தனை பாலிசி என்று அவர் தலையில் யாரோ எழுதியிருப்பார்கள்.

மாமனார் சொல்வதை அப்படியே நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டோமேட்டிக் கியர், டர்போ, ஆளுயரத் திரை என்று எலெக்ட்ரானிக்ஸ் அடைத்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள நினைப்பவர் வாரண்டி எடுப்பதில் தப்பே இல்லை; அதில் ஒரு கியர்பாக்ஸ் போனால் ஒரு லட்சம் வரைக்கும்கூட இழுக்கும், அது பல குடும்பங்களால் தாங்க முடியாத அடி. மிச்ச வாரண்டியோடு விற்றால் வாங்குகிறவரும் இரண்டு காசு கூடக் கொடுப்பார். என்னுடையது கையால் கியர் போடுகிற சாதாரண வண்டி. அதில் மிகச் சிக்கலான எலெக்ட்ரானிக்ஸ், என் மகன் சார்ஜருக்காகச் சொருகிவைத்த ஒயர்தான்.

கடைசியில் எடுக்கவில்லை. ஆனால் பணத்தைச் சும்மா விட என் மனைவி சம்மதிக்கவில்லை. மகமை வீட்டுப் பெண் ஆயிற்றே. தபாலாபீஸில் வண்டியின் பெயரால் ஒரு ஆர்.டி. ஆரம்பித்தாள். ஐந்து வருஷக் கெடு, மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து. நிர்வாகக் குழுவும் அமைந்தது: தலைவி அவள், பொருளாளர் மாமனார், சந்தா செலுத்துகிற உறுப்பினர் நான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மண்டி வாசலில் ராத்திரி நிறுத்திவிட்டு மறுநாள் சாவியைத் திருகினால் டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் எரிந்தது, இன்ஜினைத் தவிர. பானட்டைத் தூக்கிப் பார்த்தோம். துவரம்பருப்பு தின்று வளர்ந்த எலி ஒன்று ஒயரிங் முழுவதையும் ஒருகை பார்த்திருந்தது. பேட்டரிமேல் நாலு பருப்பு வேறு, சாட்சிக்கு. வாரண்டி எடுத்திருந்தாலும் இது செல்லாது என்பது எனக்கு மனப்பாடம் என்பதால் அந்த வகையில் வருத்தமில்லை. நேராகக் குழுவிடம் கிளெய்ம் வைத்தேன்.

தலைவி பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மாதம் கட்டாமல் ஆர்.டி.யில் கடன் கிடைக்காது, அதுவும் பாதிதான், இது விதி என்றாள். சொந்தச் செலவில் ஆரம்பித்த மகமைக்கும் பொடி எழுத்து இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, சம்பவம் நடந்தது மாமாவின் மண்டி வாசலில், எலியும் மாமாவின் பருப்பில் வளர்ந்தது, ஆகவே பொருளாளர் தன் கைக்காசிலிருந்து ஈடுகட்டுவதுதான் முறை என்று வாதாடினேன்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேட்டரிமேல் இருந்த பருப்பில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் கீறினார்.

"இது நம்ம சரக்கு இல்ல மாப்ள. பக்கத்து மண்டி எலி."