தேனீ வளர்ப்பில் நல்ல தேர்ச்சி

பயிற்சி தொடங்கியது திங்கட்கிழமை காலை பத்தரைக்கு. அதன் மதிப்பீட்டறிக்கை என் கைக்கு வந்தது பதினொன்றே காலுக்கு. மூன்று நாள் பயிற்சியை முக்கால் மணி நேரத்தில் மதிப்பிட்டு, தட்டச்சு செய்து, இரண்டு படி எடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் இட்டு வைத்திருந்தார்கள். அரசு இயந்திரம் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று சொல்கிறவர்களை ஒருநாள் இங்கே கூட்டிவர வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆள். முப்பது வருடத்துக்கு மேல் கோப்புக் கட்டியவன், கடைசி ஒன்பது வருடம் பதிவறையில். அந்தத் தகுதியில் என்னை 'வெளி மதிப்பீட்டாளர்' என்று கூப்பிட்டிருந்தார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், உங்கள் ஊரில் இருப்பதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின் பெயர் 'மைக்ரோஃபிலிம் மற்றும் ஆவண மேலாண்மைப் பணியாளர் திறன் மேம்பாட்டுப் பயிற்சி'. பேனரில் இடம் பற்றவில்லை, 'திறன்' விழுந்துவிட்டது.

அறிக்கையைப் படித்தேன். மூன்றாம் பத்தியில் ஒரு வரி: 'பயிற்சி பெற்ற அனைவரும் தேனீ வளர்ப்பில் நல்ல தேர்ச்சி அடைந்துள்ளனர்.' போன மாதம் அதே அரங்கில் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடந்திருக்கிறது. அந்த அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றியவர் ஓர் இடத்தில் கோட்டை விட்டுவிட்டார். கண்காணிப்பாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அது யாரும் படிக்கிற பக்கம் இல்ல சார், நீங்க போட்டுக் குடுங்க" என்றார். மூன்று நாளும் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டது தப்பு என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும்.

தொடக்க உரைக்கு வந்த சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் சோழர் காலத்தை விட்டு வெளியே வரவில்லை. அரசன் வாயால் சொன்ன ஆணையை ஓலையில் எழுதியவர் யார், ஒப்பிட்டுப் பார்த்தவர் யார், வரிப்பொத்தகத்தில் ஏற்றியவர் யார் என்று ஆள் ஆளாகக் கல்லில் வெட்டிவைத்த நாடு இது என்றார். உண்மைதான், கைதட்டினோம். அதே சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரையும் அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலைக்கு எழுதக் கூடாது. உரை அந்த இடத்துக்கு வருமுன் விருந்தினருக்கு வேறு நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. பொன்னாடையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். பதிவறையில் வேலை பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. விசாரித்தேன். பதிவறைச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது, அவரை அனுப்பிவிட்டால் அறையைத் திறக்க ஆள் ஏது என்றார்கள். ஆகவே அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெறப் போகிற இருவர், மாறுதல் ஆணையைச் சட்டைப்பையில் வைத்திருந்த மூவர், தேர்தல் வேலையிலிருந்து தப்பிக்க வந்த சிலர், பெயர் தவறி வந்துவிட்ட ஓர் ஓட்டுநர். ஓட்டுநர்தான் மூன்று நாளும் குறிப்பெடுத்தார். நம் அலுவலகங்களில் தண்ணியில்லாக் காடு தாலுகா தாண்டி எங்கோ இருப்பதாக நினைக்காதீர்கள், அது மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறது. மேலதிகாரியை எதிர்த்துப் பேசினவன், குடிக்கிறவன், நோயாளி, யாருக்கும் வேண்டாதவன், இவர்களைத் தள்ளிவிடும் இடத்துக்குப் பெயர் பதிவறை. ஊர் மக்களின் சொத்தும் வயதும் சாதியும் பிறப்பும் இறப்பும் அந்த அறையில்தான் இருக்கின்றன.

கருத்தாளர் இளைஞர், நல்ல பேச்சுக்காரர், 112 ஸ்லைடுகளோடு வந்திருந்தார். 1839இல் இங்கிலாந்தில் டான்சர் என்பவர் ஒரு பக்கத்தைக் கண்ணால் படிக்க முடியாத அளவுக்குச் சுருக்கிப் படமெடுத்ததிலிருந்து ஆரம்பித்தார். 1870இல் பாரிஸைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டபோது, தாக்ரோன் என்ற புகைப்படக்காரர் செய்திகளை ஃபிலிமில் சுருக்கிப் புறாவின் வால் இறகில் கட்டி ஊருக்குள் அனுப்பியதைச் சொன்னார். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. போர்முனையைத் தாண்டிப் புறா கடிதம் சேர்த்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கோப்பு கீழ்த்தளத்துக்கு வரப் பதினேழு நாள் ஆனதை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் லிஃப்ட் வேலை செய்த காலத்தில்.

பிறகு அந்த ஸ்லைடு வந்தது: 'மைக்ரோஃபிலிம், ஆயுள் 500 ஆண்டுகள்!' கீழே எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். பாலியெஸ்டர் ஃபிலிமாக இருக்க வேண்டும், கழுவும்போது ரசாயனம் துளியும் மிஞ்சக் கூடாது, அறை 21 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஈரப்பதம் பாதிக்குக் கீழே நிற்க வேண்டும், மூலச் சுருள் ஒரு கட்டடத்திலும் புழங்கும் படி வேறு கட்டடத்திலும் இருக்க வேண்டும். எங்கள் பதிவறையில் ஒரு மின்விசிறி உண்டு. சித்திரையில் அது சுற்றினால் அனல்காற்று, ஐப்பசியில் சுற்றினால் ஷாக். நிபந்தனைகளை யாரும் படிக்கவில்லை. 500 என்ற எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் செய்முறை. பல வருடங்களுக்கு முன்பு எடுத்த சுருள்கள் இருந்த தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார்கள். அறை முழுக்கக் காடி வாசனை, ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி. ஓட்டுநர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கருத்தாளர் முகம் மலர, "பாருங்க, எவ்வளவு நல்லா மருந்து போட்டுப் பாதுகாத்திருக்காங்க" என்றார்.

மருந்தாவது மண்ணாவது! பழைய அசிடேட் ஃபிலிம் செத்துக்கொண்டிருக்கும்போது வருகிற வாசனை அது. வெப்பத்திலும் ஈரத்திலும் ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் சிதைவை இன்னும் விரட்டும், சுருள் சுருங்கி நெளியும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். வாசனை வந்த அன்றே தனியே பிரித்து, நகலெடுத்து, குளிரறைக்கு மாற்ற வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்ற 111 ஸ்லைடுகளையும் குப்பையில் போட்டிருந்தால்கூட நான் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டிருப்பேன். டப்பாவை மூடி, பழையபடி நல்ல டப்பாக்களுக்கு நடுவில் வைத்துவிட்டு டீ சாப்பிடப் போனார்கள். சுருளைப் போட்டுக் காட்டலாமென்றால் ரீடர் கருவிக்கு பல்பு இல்லை. அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தார்கள், உறைமேல் யாரோ சாப்பாட்டுக் கேரியர் வைத்திருந்தார்கள்.

முடியாத காரியமா இது? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தன் கைக்காசைப் போட்டு வீடு நிறையத் தமிழ்ப் புத்தகம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994இல் சென்னையில் நூலகம் உருவாகிப் பட்டியலும் மைக்ரோஃபிலிமும் ஒன்றாக நடந்தன. தனி மனிதன் பொறுக்கிச் சேர்த்த நாடக நோட்டீஸுக்குக் கிடைத்த மரியாதை, அரசாங்கமே முத்திரை குத்திய நிலப் பதிவேட்டுக்குக் கிடைக்கவில்லை.

மதிய இடைவேளையில் 'கருத்துப் படிவம்' கொடுத்தார்கள். பயிற்சி எப்படி? மிக நன்று, நன்று, திருப்தி. நான்காவது கட்டம் அச்சிடப்படவில்லை. படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால்தான் சாப்பாட்டு டோக்கன். பயிற்சியை அளக்க நான்கு படி உண்டு என்று 1959இலேயே அமெரிக்காவில் கிர்க்பாட்ரிக் எழுதினார்: ஆளுக்குப் பிடித்ததா, கற்றானா, வேலையில் நடத்தை மாறியதா, கடைசியில் பலன் கிடைத்ததா. நாம் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டோம். அன்றைய போண்டா உண்மையிலேயே நன்றாக இருந்தது. இருபத்தெட்டுப் பேரும் 'மிக நன்று'.

நான்காம் படியைத் தேடி நான் பதிவறைப் பக்கம் போனேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். எழுபது தாண்டியவர்.

"என்ன வேணும் ஐயா?"

"யு.டி.ஆருக்கு முந்தின அ-பதிவேட்டு நகல் தம்பி. அப்பா பேர்ல இருந்த நிலம், அந்த யு.டி.ஆர்ல பக்கத்துக்காரன் பேருக்குப் போயிருச்சு. பழைய ஏட்டைக் காட்டுன்னு கோர்ட்ல கேக்குறாங்க."

"எத்தனை நாளா வர்றீங்க?"

"நாளா?" என்று சிரித்தார். "பேத்தி எட்டாவது படிக்கும்போது வர ஆரம்பிச்சேன். இப்ப காலேஜ் போவுது."

எண்பதுகளில் நடந்த அந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பட்டா மாறிப்போன குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரே துருப்புச் சீட்டு அதற்கு முந்தைய அ-பதிவேடு என்கிற நில ஏடு. பெரியவருக்கு ஒரு நகல் கொடுத்திருந்தார்கள், பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒப்பந்தக்காரர் ஸ்கேன் செய்த பக்கத்தின் அச்சு. கோணலாக இருந்தது. உரிமையாளர் பெயர் தெரிந்தது, அவருடைய அப்பா பெயர்தான். தீர்வை தெரிந்தது. புல எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல். நகத்தில் அழுக்கோடு, ரேகை தெரிய, பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்த ஸ்கேன் பையனின் கட்டைவிரல். பக்கத்துக்கு இத்தனை பைசா என்று கூலி, விரலை எடுத்துவிட்டு மறுபடி எடுக்க அவனுக்கு யார் காசு கொடுப்பார்கள்? எழுதத் தெரியாத குடியானவனிடம் அன்று கைநாட்டு வாங்கினார்கள். இன்று அவன் பிள்ளைக்கு அரசாங்கமே கைநாட்டு வைத்துக் கொடுக்கிறது.

மூல ஏடு எங்கே என்று உள்ளே கேட்டேன். ஸ்கேன் ஆனதும் மூட்டை கட்டிக் குடோனுக்கு அனுப்பியாயிற்றாம். எந்த மூட்டையில் என்பதற்குப் பட்டியல் கிடையாதாம். கும்பெனி வியாபாரி 1670இல் எழுதிவைத்ததை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். இந்தப் பெரியவருக்கு மீசை முளைத்த பிறகு எழுதிய ஏட்டைக் காணோம்.

கோப்பை முடிக்கும்போது அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று குறிப்பார்கள்: நி.மு. என்றால் நிரந்தரம், ப.மு. பத்தாண்டு, மூ.மு. மூன்றாண்டு, ஓ.மு. ஓராண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சைக்கிள் ஸ்டாண்டு ஏலக் கோப்பு நி.மு. ஆகத் தூங்குவதையும், நில ஒதுக்கீட்டுக் கோப்பு ஓ.மு. ஆகிப் பழைய பேப்பர் கடைக்குப் போனதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். இது அறியாமை என்று சொல்லி எனக்கும் ஒரு பயிற்சி நடத்தாதீர்கள். ஏட்டைத் துளைக்கிற ராமபாணப் பூச்சி சாதி பார்க்காது, சர்வே எண் பார்க்காது, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே நேராகப் போகும். எங்கள் பதிவறையில் ஓட்டை விழுந்த ஏடுகள் எவை தெரியுமா? ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம், 1892 ஆணையின்படி பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். பக்கத்து ரேக்கில் அதிகாரிகளின் பயணப்படிப் பட்டியல் புத்தம் புதிதாக இருக்கிறது. இவ்வளவு விவரம் தெரிந்த பூச்சிக்கு மைக்ரோஃபிலிம் பயிற்சி தேவையில்லை, பதவி உயர்வு கொடுக்கலாம்.

ஆவணங்களை அட்டவணைப்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்பதுதான் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவில் முதல் கட்டளை. எதையெல்லாம் தர மறுக்கலாம் என்று எட்டாம் பிரிவு பட்டியல் போடுகிறது, 'கோப்பைக் காணோம்' அதில் இல்லை. தேடிப் பார், கிடைக்காவிட்டால் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய் என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தகவல் தராமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 அபராதம். மூன்று நாளில் இந்த வரிகளுக்கு ஒரு ஸ்லைடுகூட இல்லை. குளிர்சாதன அரங்கு, கைப்பை, பேனா, குழுப் படம் எல்லாம் இருந்தன.

கடைசி நாள் மாலை சான்றிதழ் வழங்கிய பிறகு கண்காணிப்பாளர் அறிக்கையோடு வந்தார். பென்சில் குறியை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன்: 'பயிற்சியின் பலன் பூஜ்யம். பதிவறை ஜன்னலில் நிற்கும் மனுதாரருக்கு மூல ஏட்டின் நகல் கொடுத்த அன்று என்னைக் கூப்பிடவும், கையெழுத்திடுகிறேன்.' அவர் படித்தார். கோபப்படவில்லை. "சார், மதிப்பூதிய வவுச்சர்லயாவது போட்டுக் குடுங்க, கணக்கு முடிக்கணும்" என்றார். அதிலும் போடவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வேறொருவர் கையெழுத்தோடு அறிக்கை மேலே போய்விட்டது. தேனீயைத் திருத்திவிட்டார்கள். பெரியவரின் நகலில் புல எண்மேல் அந்தக் கட்டைவிரல் அப்படியே இருக்கிறது.