சிரிக்காத முதலாளிகள்

உலகத்தையே சிரிக்க வைத்த அமெரிக்க கார்ட்டூன்காரர்களுக்கு வாய்த்த மேலதிகாரிகளைப் பார்த்தால், சிரிப்பே வராதவர்களாகத் தேடிப்பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்களோ என்று சந்தேகம் வரும்.

லியான் ஷ்லெசிங்கரைக்கூட மன்னித்துவிடலாம். வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் எடுத்துக் கொடுத்தவர் அவர். டெக்ஸ் ஏவரி, சக் ஜோன்ஸ், பாப் கிளாம்பெட் மூவரையும் 1935-இல் ஒரு மரக்கட்டடத்தில் குடிவைத்தார். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'டெர்மைட் டெரஸ்'. வாடகைதாரர்களில் பெரும்பான்மை கரையான்கள். ஷ்லெசிங்கருக்கு 'ஸ' வராது, எச்சில்தான் வரும். 1937-இல் பிறந்த டாஃபி வாத்துக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் அந்தப் பேச்சையே கொடுத்துவிட்டார். முதலாளிக்குப் படம் போட்டுக் காட்டிய அன்று எல்லோரும் ராஜினாமாக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்ததாக ஜோன்ஸ் பிற்காலத்தில் எழுதினார். படம் முடிந்தது. முதலாளிக்கு ஒரே குஷி. இந்தக் குரலை எங்கே பிடித்தீர்கள் என்று விசாரித்தாராம்! இதில் மசாலா எத்தனை பங்கு என்பது ஜோன்ஸுக்கே வெளிச்சம்.

1944-இல் ஷ்லெசிங்கர் கடையை வார்னரிடம் விற்றுவிட்டுப் போக, வந்து சேர்ந்தவர் எட்வர்ட் செல்சர். ஒருநாள் கதை விவாதம் நடக்கும் அறைக்குள் நுழைந்து, காளைச் சண்டையில் சிரிக்க ஒன்றுமில்லை, அதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை காளைச் சண்டையை அங்கே யாரும் நினைத்தே பார்க்கவில்லை. செல்சர் சொன்னது இதுவரை எதுவும் சரியாக இருந்ததில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஜோன்ஸ் அதைப் படமாக்கினார். 1953-இல் வெளிவந்த 'புல்லி ஃபார் பக்ஸ்' இன்றும் பக்ஸ் பன்னியின் உச்சங்களில் ஒன்று.

சில்வெஸ்டர் பூனையோடு ட்வீட்டியை ஜோடி சேர்க்க இயக்குநர் ஃபிரிஸ் ஃபிரெலெங் விரும்பியபோதும் செல்சர் குறுக்கே விழுந்தார்: குஞ்சு வேண்டாம், மரங்கொத்தியைப் போடு. ஃபிரெலெங் தன் பென்சிலை அவர் மேஜைமேல் வைத்து, அவ்வளவு தெரிந்தால் நீங்களே வரையுங்கள் என்று எழுந்து போய்விட்டார். செல்சர் பணிந்தார். அந்த 'ட்வீட்டி பை' (1947) வார்னர் கார்ட்டூன்களுக்கு முதல் ஆஸ்கரைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு வாடையில் பேசும் ஸ்கங்க் யாருக்கும் சிரிப்பு மூட்டாது என்று அவர் அடித்துச் சொன்ன பெப்பே லெ ப்யூவும் 1949-ஆம் ஆண்டுப் படத்துக்கு ஆஸ்கர் வென்றது. கார்ட்டூன் ஆஸ்கர் அப்போது தயாரிப்பாளருக்குத்தான் போகும். ஆகவே மேடையேறி வாங்கிக்கொண்டவரும் செல்சரே.

எம்ஜிஎம்மில் மட்டும் என்ன வாழ்ந்தது? பூனையும் எலியுமா, பழைய சரக்கு என்று முகம் சுளித்தவர் தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பி. முதல் படம் 1940-இல் வந்தபோது அதை உருவாக்கிய வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவர் பெயரும் டைட்டிலில் இல்லை. டாம் அண்ட் ஜெர்ரி பிறகு குவித்த ஏழு ஆஸ்கர்களும் குவிம்பியின் பேரில்தான். 1957-இல் கணக்குப் பிள்ளைகள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். பழைய படத்தையே திரும்ப ஓட்டினால் ஏறக்குறைய அதே வசூல். ஒரே ஒரு டெலிபோன் அழைப்பில் கார்ட்டூன் பிரிவு மூடப்பட்டது.

மூடியவர்களே சில வருடங்களில் டாமையும் ஜெர்ரியையும் மறுபடி தேடினார்கள். 1963-இல் அந்த வேலை போய்ச் சேர்ந்த இடம், வார்னர் வெளியே அனுப்பியிருந்த சக் ஜோன்ஸ். எம்ஜிஎம்முக்காக அவர் எடுத்த 'தி டாட் அண்ட் தி லைன்' 1965-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரை வென்றது. இம்முறை விருது அவர் பேரிலேயே வந்தது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர்.