பிஎச்பி இன்ஃபோ: கலகெதரப் பிரதியை முன்வைத்து ஒரு பாடபேத ஆய்வு

வாடகை சேர்வரில் பிஎச்பி அமைப்புகளைச் சரிபார்ப்பது பதிப்பியலின் ஒரு கிளை என்பதை அறிஞர் உலகம் இன்னும் ஏற்கவில்லை. கண்டி - குருநாகல் வீதியில், கலகெதரவில் மிளகும் கராம்பும் விற்கும் கடைக்கு அறிஞர் எவரும் இணையத்தளம் செய்து கொடுத்ததில்லை, காரணம் அதுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலவாக்கியம் முதலாளியுடையது: "தம்பி, படம் ஏறுதில்லயே." இதற்கு உரை காண்பதே நோக்கம்.

ரஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் தம் சுயவிபரக்கோவையை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய 1994இல் எழுதி, அடுத்த ஆண்டு ஊருக்கு விட்டதே பிஎச்பி. அதில் ஒரே வரிக் கோப்பொன்றை ஏற்றித் திறந்தால் சேர்வரின் சாதகம் முழுவதும் அட்டவணையாக விரியும். முழுதும் வாசித்தவர் இலர். அமைப்பு ஒவ்வொன்றுக்கும் லோக்கல், மாஸ்டர் என இரு மதிப்புகள் உண்டு. மாஸ்டர் என்பது ஹோஸ்டிங்காரர் வைத்த மூலபாடம். லோக்கல் என்பது நம் கணக்கில் வழங்கும் பாடம். முரண்பட்டால் லோக்கலே செல்லும் என்க. இங்கே ஏற்றும் கோப்பின் உச்சம் இரு பத்தியிலும் 2 எம்பி. முதலாளியின் போன் எடுத்த மிளகுப் படமோ 5 எம்பி.

நம் கணக்குக்குரிய யூசர் ஐஎன்ஐ கோப்பில் அதை 16 எம்பி என்று திருத்தினோம். மாறவில்லை. பிரவுசரை மூடித் திறக்க வேண்டும் என்பார் ஒருசாரார். கம்பனிக்கு டிக்கெட் போட வேண்டும் என்பார் பிறர். முதலாளி பிளேன்டீ வரவழைத்தார். குடித்து முடிய மாறியிருந்தது. டீயால் மாறிற்று என்பது கடைப் பையனின் துணிபு. அக்கோப்பை ஒருமுறை வாசித்த சேர்வர், வேறாகச் சொல்லி வைக்காவிட்டால், 300 வினாடிக்கு அதை மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிளேன்டீக்கும் அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆகவே பையனின் கொள்கையை முற்றாகத் தள்ளுவதற்கில்லை.

அதே அட்டவணையில் நேரவலயம் 'ஏசியா/கொல்கத்தா' என்றிருந்தது. இந்திய வீடியோப் பாடமொன்றைப் பார்த்தெழுதிய எவரோ செய்த ஏடெழுதுவோர் பிழை. கொல்கத்தாவுக்கும் கொழும்புக்கும் இன்று ஒரே நேரந்தானே என்று விட்டுவிடலாகாது. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்து, 2006 ஏப்ரல் வரை இந்தியாவைவிட அரை மணி முந்தியே வாழ்ந்தது. அக்காலத்துப் பதிவுகளைக் கொல்கத்தாப் பாடத்தால் கணித்தால் பிசகும். கடைக் கணனியில் அக்காலத்து பில் ஒன்றுகூட இல்லை. ஆயினும் 'கொழும்பு' என்று திருத்தினோம். பதிப்பாசிரியனுக்கு அதுவே அழகு.

இனி, 'கலகெதர' எத்தனை எழுத்து? பிஎச்பியின் பழைய அளவைச் சார்பு 18 என்னும். அது பைட்டை எண்ணுகிறது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். எம்பிஸ்ட்ரிங் நீட்சி இருந்தால் 6, கொம்பைத் தனியாக எண்ணுவதால். இன்டில் நீட்சியும் இருந்தால் 5, அதாவது முதலாம் ஆண்டுப் பிள்ளை சொல்லும் விடை. யுனிகோட்டை அடித்தளமாகக் கொண்டு வரவிருந்த பிஎச்பி 6 இதைத் தீர்த்திருக்கலாம். 2010இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2015இல் 5க்கு அடுத்து 7 வந்தது. விளைவைக் கடையின் பொருட்பட்டியலில் காணலாம். பெயரை 20இல் வெட்டுமாறு எவரோ எழுதிய வரி பைட்டில் வெட்டி, ஏலக்காய் 'ஏலக்கா'வாகி, வாலில் கறுப்புக் கட்டத்துள் ஒரு கேள்விக்குறி. அந்த விலைக்கு அது பொருத்தமே என்பது வாடிக்கையாளர் கருத்து.

வாசித்து முடித்ததும் சுவடியை அழித்துவிடு என்று விதிக்கும் பதிப்பியல் இது. அந்த ஒற்றைவரிக் கோப்பை அப்படியே விட்டால் சேர்வரின் உள்வழிகளும் பதிப்பு எண்களும் ஊரார் எவர்க்கும் தெரியும். அழிக்கப் போன இடத்தில் இன்ஃபோ2, டெஸ்ட், டெஸ்ட்நியூ, டெஸ்ட்ஃபைனல் என முன்னோர் விட்டுச்சென்றவை கிடந்தன. இவற்றுள் ஃபைனலுக்குப் பின்னரே நியூ தோன்றியதற்கான அகச்சான்று உண்டு. அது தனிக் கட்டுரையில் விரிக்கப்படும்.