உப்பு மூட்டையும் பிக்கப்பும்: ஓர் அவசர ஆய்வு

1. ஆய்வின் தேவை

மரக்காணம் உப்பளத்தின் மண்பாதையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு மொபெட் ஏறுகிறது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் டியூப் கயிற்றில் கட்டிய இரண்டு மூட்டை. கால் வைக்க இடமில்லாததால் ஓட்டுபவரின் இரு கால்களும் வெளியே தொங்குகின்றன. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கியாயிற்று. உறுமல் மட்டும்தான் கூடுகிறது. “வண்டியில பிக்கப்பே இல்ல” என்கிறார் அவர். “எச்.பி. பத்தல மாமா” என்கிறது டீக்கடை பெஞ்சு. இவ்விரு கருதுகோள்களும் இதுவரை முறைப்படி ஆராயப்படாதது தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை. அது இன்றோடு நீங்குகிறது.

2. முன்னோர் மொழிந்தவை

சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் அறிஞர். சங்க கால உப்பு வணிகர்களான உமணர்கள் தம் வண்டியின் அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பதிவு செய்திருக்கிறார். ஆகவே அளவுக்கு மீறி ஏற்றும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையது எனத் துணியலாம். பிக்கப் பற்றி ஔவையார் ஏதும் கூறவில்லை. மாடுகளிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை போலும்.

அடுத்து வந்தது பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்தில் தொடங்கி மரக்காணத்தில் முடியும் இக்கால்வாயில், படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்களே இழுத்ததுண்டு. ஓர் ஆள் தொடர்ந்து உழைத்தால் கிடைக்கும் திறன் சுமார் 75 வாட். அதாவது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. அப்படியும் டன் கணக்கில் உப்பு சென்னைக்குப் போனது. நகர்த்துவதற்கு விசை போதும், சீக்கிரம் நகர்த்தத்தான் திறன் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

குதிரைத்திறன் (எச்.பி.) என்ற அலகை நிலைநாட்டிய ஜேம்ஸ் வாட்டின் நோக்கமும் கவனிக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தம் நீராவி எந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குபவருக்குக் காட்டவே அவர் கணக்குப் போட்டார். ஆக, இந்த அலகு பிறந்ததே விற்பனைக்காகத்தான். ஷோரூம்களில் இன்றும் அது தன் கடமையைச் செவ்வனே செய்கிறது.

3. கணக்கு

திறனை வேகத்தால் வகுத்தால் இழுவிசை. இழுவிசையை நிறையால் வகுத்தால் முடுக்கம், ஊர்வழக்கில் பிக்கப். 

100 சிசி மொபெட்டின் உச்சத் திறன் சுமார் 4.3 குதிரை. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில், அது 2,400 வாட் தருகிறது என்று கொள்வோம். இழுவிசை 240 நியூட்டன். வண்டியும் ஆளும் 150 கிலோ. மூட்டைக்கு 50 கிலோவாக மூன்று மூட்டை இன்னொரு 150. மூட்டையில்லாமல் முடுக்கம் 1.6 மீ/நொடி², மூட்டையோடு 0.8. எஞ்சின் அதேதான், பிக்கப் மட்டும் பாதி. இதிலும் ஈர மண்ணும் கடற்காற்றும் தம் பங்கைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும்.

இனி, 28 டன் எடையோடு நிற்கும் 200 குதிரை உப்பு லாரியைப் பார்ப்போம். அதே வேகத்தில் முழுத்திறனும் கிடைத்தாலும் அதன் முடுக்கம் 0.5ஐச் சற்றே தாண்டும். கிலோவுக்கு எத்தனை வாட் என்று பார்த்தால், மூன்று மூட்டை சுமக்கும் மொபெட் லாரியைவிட ஒன்றரை மடங்கு வலியது! ஆயினும் மொபெட்காரர்கள் இதை லாரி டிரைவர்களிடம் எடுத்துரைக்க வேண்டாம்.

4. களத்தில் நிலவும் மரபுகள்

*ஹாரன் மரபு:* ஹாரனை அழுத்தினால் வண்டி விரையும் என்பது. முன்னால் போகிறவர் விலகுவார், முடுக்கம் மாறாது.

*முறுக்கு மரபு:* எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு ஓடும் என்பது. கேபிள் தன் எல்லையைத் தொட்டபின் முறுகுவது மணிக்கட்டு மட்டுமே.

*உதை மரபு:* தொங்கும் கால்களால் தரையைத் தள்ளுவது. வியப்பு என்னவெனில், இது அறிவியலுக்கு முற்றிலும் உடன்பாடானது. நொடிக்கு ஒரு மீட்டர் நகரும்போது கால்கள் 100 நியூட்டன் தள்ளினால் செலவு வெறும் 100 வாட். எஞ்சினின் இழுவிசையிலோ அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதே உதவியை 36 கி.மீ. வேகத்தில் செய்ய 1,000 வாட் வேண்டும், செருப்பும் மிஞ்சாது. லாரிக்கு இந்த வேலையை முதல் கியர் செய்கிறது. கியர் இல்லாத மொபெட்டுக்குக் கால்களே முதல் கியர்.

5. முடிவும் பரிந்துரையும்

டீக்கடைப் பெஞ்சின் கருதுகோள் பாதி சரி. எச்.பி. பத்தவில்லைதான், எதற்குப் பத்தவில்லை என்பதைப் பெஞ்சு சொல்லவில்லை. வண்டி வாங்குவோர் குதிரைகளை எண்ணுவதோடு நிற்காமல், அவை இழுக்கப்போகும் கிலோக்களால் வகுத்தும் பார்க்க வேண்டும். வகுக்க நேரமில்லாதவர்கள் ஒரு மூட்டையை இறக்கி வைக்கவும். பிக்கப் உடனே கூடும். மெக்கானிக்குக்குக் கூலியும் தர வேண்டாம்.