குமிழ்த் திருகளவை: சிறு வால்வு ஆம்ப் தேர்வு குறித்த பூர்வாங்க விசாரணை

எலெக்ட்ரிக் கிட்டார் தன்னளவில் ஏறக்குறைய ஊமை. கம்பி அதிரும், அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மில்லிவோல்ட் கணக்கில் ஒரு முணுமுணுப்பு பிறக்கும், அவ்வளவே. அந்த முணுமுணுப்பைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியை ஆம்ப் என்பர். வீட்டில் பயிற்சி செய்வதற்கு, கையைக் கடிக்காத விலையில், வால்வு வைத்த சிறிய ஆம்ப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்னும் வினாவை நம் அறிஞர் பெருமக்கள் இதுகாறும் தீண்டாதது வியப்பன்று. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி எந்த நூற்றாண்டில் ஏறியது, எதில் இறங்கியது என்று மும்முனைப் போர் நடத்தவே அவர்களுக்கு ஆயுள் போதவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. இதன் துணிபு ஒன்றே: ஆம்பை வாட்டால் அளப்பது பிழை, அதன் ஒலிக் குமிழை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் திருக முடியும் என்பதைக் கொண்டு அளப்பதே முறை. இவ்வளவைக்குத் திருகளவை என்று பெயரிடுகிறோம். இப்பெயரை எமக்கு முன் எவரும் ஆண்டதில்லை; எமக்குப் பின்னும் எவரும் ஆளப்போவதில்லை என்றே தோன்றுகிறது.

வரலாறு சொல்லாமல் பொருளுக்குள் நுழைவது ஆய்வு மரபன்று. 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரு மின்முனை வால்வைக் கண்டார். 1906 தொடங்கி அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதைத் திருத்தித் திருத்தி, நடுவே மூன்றாவதாக ஒரு கம்பிவலையை நுழைத்து, சிறு குறிகையைப் பெரிதாக்கும் வழியைத் திறந்துவிட்டார். இதையெல்லாம் நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்று நிறுவ விரும்புவோர் அடுத்த மாநாடு வரை பொறுத்திருக்கலாம். இக்கட்டுரைக்கு 1904 போதும். 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் வீட்டு ரேடியோக்களிலிருந்து வால்வு மெல்ல விடைபெற்றது. கிட்டார்க்காரர்கள் மட்டும் விடவில்லை. அதற்குக் காரணம் பழம்பெருமை அன்று. அளவுக்கு மீறிய குறிகையை டிரான்சிஸ்டர் சுற்று பெரும்பாலும் கத்தி வைத்தாற்போல் நறுக்கிவிடும். வால்வு அதன் முகட்டை வளைத்து மழுக்கும். ஒற்றை வெளியீட்டு வால்வில் இயங்கும் சிறு ஆம்பில் மூல சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள ஒலியும் கூடவே கலந்துவரும். ப்ளூஸும் ராக்கும் கேட்டு வளர்ந்த காதுகள் இனிமை என்று கொண்டாடுவது இந்தக் கலப்படத்தைத்தான். இனி முடிச்சைக் காண்க. வால்வின் சிறப்பு அதைத் திணறடித்தால் வெளிப்படும். திணறடித்தால் சத்தம் பெருகும். பயிற்சியோ வீட்டில் நடக்கும்.

இவ்விடத்தில் வாட்டுவாதிகள் குறுக்கிட்டு, ஐந்து வாட் ஆம்ப் வாங்கினால் தீர்ந்தது, அது நூறு வாட்டில் இருபதில் ஒரு பங்குதானே என்பர். வாட் கணக்கில் அது மெய்; காதுக் கணக்கில் பொய். திறன் பத்து மடங்கானால் ஒலி மட்டம் பத்து டெசிபெல் ஏறும்; காது அதை ஏறத்தாழ இரு மடங்குச் சத்தமாகவே உணரும். இருபது மடங்குக்குப் பதின்மூன்று டெசிபெல். ஆகவே மேடையை அதிரவைக்கும் நூறு வாட் ஆம்ப், மூலையில் கிடக்கும் ஐந்து வாட் ஆம்பைவிட இரண்டரை மடங்குதான் உரத்தது. செலஸ்டியன் நிறுவனத்தின் புகழ்பெற்ற 12 அங்குல கிரீன்பேக் ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 98 டெசிபெல் தரும். ஐந்து வாட்டில் அது 105ஐத் தொடும். சிறு ஆம்புகளில் உள்ள 8 அங்குல ஸ்பீக்கர் இதில் சில டெசிபெல் குறைத்துக்கொள்ளும் என்று வாதிடலாம், வாதிடட்டும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்கு விதித்த வரம்பு பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. இடையில் சுவர் இருக்கிறதே என்று தடை எழுப்புவோர், அச்சுவர் இருவருக்கும் பொது என்பதை மறந்தார்.

பயில்வோரை அவர் பயிலும் இடம் நோக்கி ஐவகையாகப் பகுக்கலாம். எதையும் ஐந்தாகப் பகுக்காவிட்டால் அது தமிழில் ஆய்வாகாது. தோட்டம் சூழ்ந்த தனிவீட்டார்: இவருக்கு இக்கட்டுரை வேண்டா. மொட்டைமாடி அறையார்: வெயிலே இவரைக் கட்டுப்படுத்தும். விடுதி மாணவர்: இவரிடம் ஆம்ப் நெடுநாள் தங்காது. வாடகைக் குடியிருப்பார்: இவரிடம் வீடே நெடுநாள் தங்காது. எஞ்சிய அடுக்ககத்தாரே ஆய்வுக்குரியர். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், பக்கத்தில் சங்கச் செயலாளர். இவர் விரல் குமிழைத் தொடும் கணத்திலிருந்துதான் நம் ஆய்வு தொடங்குகிறது.

ஒலிக் குமிழ் பொதுவாக முந்நூறு பாகை அளவு சுழலும். அதன் அடியிலுள்ள மாறுமின்தடை பெரும்பாலும் மடக்கை வகையினது. அதாவது பாதி தூரம் திருகினாலும் முழு மின்தடையில் பத்து, பதினைந்து விழுக்காடுதான் கடந்திருக்கும். காதின் இயல்புக்கு ஏற்ப அப்படிச் செய்கிறார்கள். வேறு கட்டுப்பாடு இல்லாத சிறு ஆம்பில் பாதிக்கு மேல் திருகினால் சத்தம் அதிகம் ஏறாது, கரகரப்பே ஏறும். வாங்கியவர் நாடியது அந்தப் பின்பாதியை. அடுக்ககத்தாரின் விரலோ எண் மூன்றிலேயே நின்றுவிடும். மூன்றுக்கு அப்பால் உள்ள நிலம் பலருடைய ஆம்புகளில் இன்றும் கன்னி நிலம். தூசியே அதற்குச் சான்று. எபிஃபோன் நிறுவனத்தின் வால்வ் ஜூனியர் என்னும் ஐந்து வாட் ஆம்பில் ஒரே ஒரு குமிழ்தான் உண்டு (முன்பலகைச் சாசனம், இடமிருந்து முதற்குமிழ்). அதே கருத்தை வலியுறுத்தும் இன்னொரு சான்றும் கிடைக்கிறது (மேற்படி, வலமிருந்து முதற்குமிழ்).

குமிழின் எண்கள் குறித்து இருபெரும் பள்ளிகள் உள. பலகையில் பொறித்த எண்ணையே ஓதுவது எண் பள்ளி. குமிழின் குறிக்கோட்டைக் கடிகார முள்ளாகக் கொண்டு, ஒன்பது மணி, நண்பகல், மூன்று மணி என்று ஓதுவது கடிகாரப் பள்ளி. இரண்டும் தத்தம் அளவில் குற்றமற்றவை. ஒன்றன் ஏட்டை மற்றொன்று வாசிக்கும்போதே கேடு விளைகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1950களில் செய்த, துணி போர்த்திய ஆம்புகளில் எண்கள் பத்தோடு நில்லாமல் பன்னிரண்டு வரை ஓடும் (சாம்ப், மேற்பலகைச் சாசனம்; கறை நீக்கியபின் வாசித்தது; கறை தேநீர்க் கறையா சோல்டர்க் கறையா என்பது தனி ஆய்வுக்குரியது). 1984இல் வந்த திஸ் இஸ் ஸ்பைனல் டாப் என்னும் நையாண்டிப் படத்தில் ஓர் இசைக்கலைஞர் தம் ஆம்ப் பதினொன்று வரை போகும் என்று பீற்றிக்கொள்வதைக் கண்டு உலகமே சிரித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஃபெண்டர் அதைத் தாண்டிவிட்டதை ஒருவரும் சுட்டவில்லை. சிக்கல் அதுவன்று. ஆசிரியர் ஒருவர் கடிகாரப் பள்ளியைச் சார்ந்தவராய், குமிழைப் பன்னிரண்டில் வைத்துக்கொள் என்கிறார் எனக் கொள்வோம். அவர் கருதியது நண்பகல், அதாவது நட்டநடு. மாணவரோ எண் பள்ளியார். கையில் இருப்பது பழைய சாம்ப். அவர் பன்னிரண்டில் வைக்கிறார். அஃது அந்த ஆம்பின் உச்சம். குருபக்தி மிக்க மாணவரால் விளையும் இக்கேட்டைப் பழைய உரைகள் பேசாமை ஒரு பெருங்குறை (அதே சாசனம், அதே குமிழ், மறுவாசிப்பு, முதல் வாசிப்பை மறுக்கும் எமது கருத்துக்கும், அம்மறுப்பை மறுக்கும் எமது பிற்காலக் கருத்துக்கும் காண்க: எமது அச்சேறாத இரண்டாம் தொகுதி, பின்னிணைப்பு ஊ, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, ஆங்கு அதற்கு ஆதாரமாக இக்கட்டுரையே காட்டப்பட்டுள்ளது). இவ்வாறு தன்னைத் தானே தாங்கும் சான்றை வட்டச்சான்று என்பது சிலர் குற்றச்சாட்டு. பதவி உயர்வுக்கான படிவத்தில் அதற்குத் தனிப் பத்தியே இருக்க, அதைக் குற்றம் என்பது எங்ஙனம்?

திருகளவைக்கு வருவோம். ஆம்பின் விலையை, அதில் வீட்டுக்குள் திருக இயலும் பாகைகளால் வகுக்க. வருவது ஒரு பாகையின் விலை. நூறு வாட் ஆம்பில் அடுக்ககத்தார் முந்நூறு பாகைக்குக் காசு கொடுத்துப் பதினைந்து பாகையை அனுபவிப்பார் எனக் கொண்டால், எஞ்சிய இருநூற்று எண்பத்தைந்தும் வீட்டில் ஓட்ட இடமில்லாத தேர். கால் வாட் ஆம்பில் குமிழ் கடைசி எண்வரை போகும். ஆகவே அது விலையில் சற்றுக் கூடினும் பாகைக்கணக்கில் மலிவு.

இதற்கு எழும் தடைகள் நான்கு. மாஸ்டர் வால்யூம் என்னும் இரண்டாம் குமிழ் இருந்தால் போதுமே என்பது முதலாவது. முதற்குமிழைக் கூட்டி, மாஸ்டரைக் குறைத்தால் முன்னிலை வால்வு மட்டும் திணறும். 12ஏஎக்ஸ்7 என்னும் அச்சிறு வால்வின் கரகரப்பு கிட்டும். வெளியீட்டு வால்வோ தூங்கும். பயனுண்டு, பாதிப் பயன். இஎல்84, 6வி6 போன்ற வெளியீட்டு வால்வையும் எழுப்ப வேண்டுமென்றால் திறனைக் குறைக்கும் ஸ்விட்ச் வேண்டும். வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி4டிவி 4, 1, கால் வாட் என மூன்று படிகள் வைத்தது. புகெரா வி5 ஐந்து, ஒன்று, பத்தில் ஒரு வாட் என்று இறங்கியது. நான்கிலிருந்து காலுக்கு இறங்கினால் பன்னிரண்டு டெசிபெல் குறையும். சங்கச் செயலாளருக்கு அது போதாது எனினும், பேச்சுவார்த்தைக்கு இடம் தரும். இரண்டாம் தடை நுட்பமானது: சத்தம் குறைந்தால் சுவை குறைகிறதே என்பது. உண்மை. தாழ்ந்த ஒலியில் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் குறைவாகவே கேட்கும் என்பதை 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் வரைகோடிட்டுக் காட்டினர். பழி காதின்மேலது, ஆம்பை மாற்றிப் பயனில்லை, தொனிக் குமிழ் இருந்தால் அதைச் சற்றுக் கூட்டுக. மூன்றாம் தடை, ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாமே என்பது. அதற்கென உள்ளே சுமை அமைத்த துளை இருந்தால் மாட்டலாம். இல்லாத ஆம்பில், அமைதி வேண்டி ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிட்டு வாசிப்பவர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே எரிக்கக்கூடும். அதன்பின் கிட்டும் அமைதி நிலையானது. நான்காம் தடையே வலியது: வால்வின் குரலைக் கணிப்பொறிச் சில்லால் நடிக்கவைக்கும் ஆம்புகள் மலிவாகக் கிடைக்க, வால்வுதான் எதற்கு? யமஹா டிஎச்ஆர், பாஸ் கட்டானா போன்றவை பெரும்பாலோர்க்குப் போதும் என்பதை நேர்மையாக ஒப்புகிறோம். ஆனால் அவ்வாறு ஒப்பினால் இக்கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். முடிவு எழுதியபின் ஆதாரம் தேடும் நல்ல மரபை நாம் முறிப்பதற்கில்லை, ஆதலின் தள்ளுபடி.

விலையைப் பற்றியும் இரண்டு சொல். ஒற்றை வெளியீட்டு வால்வு கொண்ட ஆம்பில் உறுப்புகள் சில: ஒரு சிறு வால்வு, ஒரு பெரு வால்வு, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஸ்பீக்கர். இவ்வகையினவற்றில் வெளியீட்டு வால்வு பெரும்பாலும் தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும் முறையில் பூட்டப்பட்டிருக்கும். அது தேய்ந்தால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் போதும். பெரிய ஆம்பில் ஜோடி பொருத்தம் பார்த்து வாங்கி, சமன்செய்யவும் ஆள் தேடவேண்டும். இன்று வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருவதால், எங்கோ நடக்கும் போர் இங்கே விலையேற்றும். சிறிய வெளியீட்டு ஆம்ப் இழிந்ததோ என்று ஐயுறுவோர்க்கு ஒன்று: எரிக் கிளாப்டன் 1970இல் லைலா தொகுப்பைப் பதிவுசெய்தபோது கையாண்டது ஃபெண்டர் சாம்ப் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வெளியே கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே ஒற்றை வால்வின் கீழ் எல்இடி விளக்கேற்றிக் காட்டும் மலிவுச் சரக்கைக் கண்டால், அந்த வால்வு உழைக்கிறதா கொலு வீற்றிருக்கிறதா என்று கேட்டபின் வாங்குக. அமெரிக்காவிலிருந்து உறவினர் தூக்கிவரும் ஆம்பின் பின்பலகைச் சாசனத்தையும் கட்டாயம் வாசிக்க (மின்கம்பி நுழையும் துளைக்கருகே, கண்ணாடி போட்டுக்கொண்டு). அங்கே 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் சொருகியவுடன் ஆய்வு புகையாக வெளிவரும். இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் விலையையும் பாகைக்கணக்கில் சேர்க்க.

ஆகவே தீர்ப்பு: அடுக்ககத்தார் ஐந்து வாட்டுக்கு மேற்படாததும், ஒரு வாட்டுக்குக் கீழே இறக்கும் ஸ்விட்ச் உள்ளதும், 230 வோல்ட்டுக்குச் செய்ததுமான ஒற்றை வெளியீட்டு ஆம்பை, கடையில் குமிழைக் கடைசி எண்வரை திருகிப் பார்த்து வாங்குக. இந்த ஆய்வைத் தொடர விரும்பும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பின்பலகையைத் திறக்க வேண்டாம்.