ஜெமினி மேம்பாலத்தடிக் கோப்பியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவிலுள்ள பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், சென்னை ஜெமினி மேம்பாலத்தடியிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் சுமந்து செல்லும் ஃபைலைப் பற்றி முறையான ஆய்வு ஏதும் நம் பார்வைக்கு வரவில்லை. அக்குறை போக்கவே இக்கட்டுரை.

முதற்கண் மூல நூல். 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், பிரிவு 214(பி). பார்வையாளர் விசா கேட்டு வருபவர் எவரும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர்தான். அப்படியில்லை என்று அதிகாரி ஒப்பும்படி காட்டுவது அவர் பொறுப்பு என்றவாறு. பேரனின் முதல் பிறந்தநாளுக்குப் போகும் பாட்டியும் இதில் அடக்கம். இந்தச் சூத்திரத்துக்கு நம்மவர் வகுத்த உரையே ஃபைல்.

வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பென்ஷன் ஆர்டர், எஃப்டி ரசீதுகள், ஆடிட்டர் தந்த சொத்து மதிப்புச் சான்று, மகனின் சம்பளச் சீட்டு, கல்யாண ஆல்பத்திலிருந்து உருவிய நாலு படங்கள். பத்திரமே முதலில் வர வேண்டும் என்பர் ஒரு சாரார். மகனின் அழைப்புக் கடிதம் என்பர் மறுசாரார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் விளங்கும்.

டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவம் தனி ஆய்வுக்குரியது. உளவு பார்க்கும் எண்ணமுண்டா, இனப்படுகொலையில் பங்குண்டா என்று அது ஓய்வுபெற்ற தமிழாசிரியையை வினவும். மகன் வீடியோ காலில் வாசிக்க, "இதுக்கெல்லாம் யாருடா ஆமான்னு போடுவாங்க?" என்றார் ஓர் அம்மா. விடை இன்றுவரை இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாதவர்க்கு முழுப்பெயரும் அந்தக் கட்டத்துக்குப் போய், பெயர்க் கட்டத்தில் எஃப்என்யு, அதாவது 'முதற்பெயர் தெரியாது' என்று விழும் விந்தையை வேறொருவர் முனைவர் பட்டத்துக்கு விட்டுவிடுவோம்.

இனி களம். கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி. யாரைப் பார்க்கப் போறீங்க, பையன் என்ன வேலை, எத்தனை நாள், இங்கே வேறு பிள்ளைங்க உண்டா. கேள்வி தமிழிலேயே வரக்கூடும். அப்பா பதிலோடு பதிலாகப் பத்திரத்தைக் கண்ணாடியோரம் நகர்த்துகிறார். அதிகாரியின் கண் கணினித் திரையை விட்டு அசையவில்லை. விசா உண்டு என்கிறார். இல்லை என்றாலும் ஃபைலைத் திறந்திருக்க மாட்டார். 2023 ஜூன் முதல் 185 டாலரான கட்டணமும் திரும்பாது.

பின் எதற்கு அந்தச் சுமை? பழவந்தாங்கல் விசா கணபதியின் காலடியில் பாஸ்போர்ட்டை வைத்து எடுத்தவர்களும் ஒரு தாளைக்கூடக் குறைப்பதில்லை. எனவே பக்திக் குறைவு காரணமன்று. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் "ஜெராக்ஸ் எங்கே?" என்று கேட்கப்பட்டே வளர்ந்த தலைமுறை இது. எந்த ஜன்னலுக்கும் வெறுங்கையோடு போக அவர்களுக்குக் கை வராது. இதுவே நம் துணிபு.

எவரும் ஃபைலை வாசிப்பதில்லை என்ற முடிவுக்கு ஒரு புறனடை உண்டு. விசா கிடைத்த வாரமே எதிர்வீட்டுக்காரர் மாதிரிக்கென்று அதை இரவல் வாங்குவார். அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, "என்ன சார், வீட்டுக்கு இவ்வளவுதான் மதிப்பு போட்டாரா உங்க ஆடிட்டர்?" என்பார்.