ஜோர்டானுக்காக ஒரு நிரல்

தம்பலகாமத்தில் கூடைப்பந்தாட்டம் பற்றி அடித்துப் பேசக்கூடியவர்கள் மிகக் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரில் இரண்டு பேர் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தது என் மனைவியின் சாதகப் பலன். ஒருவன் என் மகன். அவனுக்கு லெப்ரோன் ஜேம்ஸ். மற்றவன் நான், எனக்கு மைக்கேல் ஜோர்டான். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நாளிலும், வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் ஆரென்று கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

1998இல் ஜோர்டான் சிக்காகோ புல்ஸுக்கு ஆறாவது பட்டத்தை வென்று கொடுத்தபோது, இந்தப் பக்கத்துச் சனத்துக்கு இருந்த கவலைகளே வேறு. நான் அவரை முதன்முதலாகக் கண்டது திருகோணமலையில் வாங்கிய ஒரு பழைய ரீசேட்டின் முதுகில்தான். 23ஆம் இலக்கம். அந்த ரீசேட் பிறகு கிழிந்து குசினித் துணியாகி, ஒருநாள் அதுவும் இல்லாமற் போனது. விசுவாசம் மட்டும் கிழியவில்லை.

“அப்பா, நீங்க ஜோர்டான்ட ஒரு மெச்சாவது முழுசாப் பார்த்திருக்கிறீங்களா?” என்று மகன் கேட்பான். இப்படிப்பட்ட சில்லறைக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அவனுடைய கட்சி எண்ணிக்கைக் கட்சி. கரீம் அப்துல் ஜபார் வைத்திருந்த 38,387 புள்ளிகளை 2023 பெப்ரவரியில் லெப்ரோன் தாண்டினார். அடுத்த வருடம் 40,000ஐயும் தாண்டினார். நான் உடனே மோதிரத்தை எடுப்பேன். அமெரிக்க என்.பி.ஏ.யில் பட்டம் வென்ற அணிக்காரருக்கு மோதிரம் போடுவார்கள். ஜோர்டானுக்கு ஆறு, லெப்ரோனுக்கு நாலு. கதை முடிந்தது என்று நான் எழும்பப் பார்க்கும்போது, “ரொபேர்ட் ஹோரிக்கு ஏழு. அப்ப ஹோரிதான் ஜோர்டானை விடப் பெரிய ஆளோ?” என்பான். பில் ரசல் வேறு இருக்கிறார்: 13 பருவத்தில் 11 பட்டம். ஆனால் அவர் தொடங்கிய காலத்தில் மொத்தமே எட்டு அணிதான், இன்றைக்கு முப்பது. அவர் தட்டி மறித்த பந்துகளுக்கோ கணக்கே கிடையாது. அந்தக் கணக்கை 1973-74 பருவத்தில்தான் எழுதத் தொடங்கினார்கள்.

வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரி 50.4. மாடு கட்டி உழுத காலத்தில் ஏக்கருக்கு இத்தனை மூடை கண்டோம் என்று கிழவர்கள் சொல்லும்போது, யூரியாவும் உழவு இயந்திரமும் கண்ட நாங்கள் தலையை ஆட்டுவோமே, இதுவும் அந்த மாதிரித்தான். நம்பாமலும் இருக்க ஏலாது, நம்மட வயலோடு வைத்துப் பார்க்கவும் ஏலாது.

இடையில் திண்ணையிலிருந்து மாமா குரல் கொடுப்பார். அவர் பந்தையே மாற்றிவிடுவார். “தம்பி, சதாசிவம் எண்டு ஒரு ஆள் இருந்தவர், தெரியுமா?” மகாதேவன் சதாசிவம், 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் அடித்த கிரிக்கெட் வீரர். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். அவரோ 1977இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். டெஸ்ட் கணக்கில் அவருக்கு ஒரு ஓட்டமும் இல்லை. மாமாவுக்கு அது குறையாகவே தெரியாது. புத்தகத்தில் இல்லாத ஓட்டத்தை ஆராலும் குறைக்க ஏலாதாம்.

கந்தோரில் முப்பது வருடம் புள்ளித்திட்டம் தயாரித்தவன் நான். இதை ஆவேசத்தால் அல்ல, அட்டவணையால் தீர்ப்பது என்று முடிவெடுத்தேன். பட்டத்துக்கு இத்தனை, மொத்தப் புள்ளிக்கு இத்தனை, பருவத்தின் சிறந்த வீரர் விருதுக்கு இத்தனை என்று கோடு போட்டுக் கூட்டினால், வந்து நின்றவர் கரீம்! பட்டம் ஜோர்டானைப் போல ஆறு, விருது ஜோர்டானை விட ஒன்று கூட. எங்கள் வீட்டில் ஒருத்தரும் கரீமுக்காக வாய் திறந்ததே இல்லை. கேளாமல் வந்து நடுவீட்டில் பாய் போட்டுப் படுத்துவிட்டார்.

விடுவேனா? புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன்: இறுதிப் போட்டியில் தோற்ற ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து புள்ளி கழிவு. ஜோர்டான் ஆறுக்கு ஆறும் வென்றவர், கழிவில்லை. கரீமுக்கு நாலு தோல்வி, லெப்ரோனுக்கு ஆறு. கரீம் பாயைச் சுருட்டினார்.

“அப்ப இறுதிப் போட்டிக்கு வந்து தோக்கிறதை விட, முதல் சுற்றிலயே தோத்து வீட்ட போறது திறமோ?” என்றான் மகன். திட்டப்படி அது சரிதான். அதே திட்டப்படி நானும் என்.பி.ஏ. இறுதிப் போட்டி ஒன்றிலும் தோற்றவனில்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டவணையைப் பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் அவள் வலைப்பந்தாட்டக்காரி. “இதில தர்ஜினி எங்க?” என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். வளையத்தின் உயரம் இரண்டு விளையாட்டுக்கும் ஒன்றுதான், 3.05 மீற்றர், வலைப்பந்தில் பின்பலகை மட்டும் இல்லை. 2009இலும் 2018இலும் ஆசியப் பட்டம் வென்ற இலங்கை அணியில் இருந்தவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டார். அந்தத் தொடரில் அவரை விடக் கூடப் போட்டவர் ஒருவரும் இல்லை. இலங்கை வந்தது 16 அணிகளில் 15ஆம் இடம். என் திட்டத்தில் கூட்டிப் பார்த்தேன். உலக அரங்கில், பட்டக் கணக்கில் அவருக்குப் பூச்சியம்.

மகனுக்குச் சந்தோசம், எண்ணிக்கைக் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டதென்று. “வலைப்பந்தில ரெண்டு பேர்தானே கோல் போடலாம்? எல்லாப் பந்தும் அவவிட்டத்தானே போகும்?” என்று கெட்டித்தனமும் காட்டினான். மனைவி அவனையும் விடவில்லை. “ஓம். பந்து தானாப் போகுமோ? மூண்டு செக்கனுக்குள்ள அந்த உயரத்துக்கு எறிஞ்சு குடுக்கிற பிள்ளையள் எங்க, உங்கட அட்டவணையில?”

அவள் பள்ளிக்கூடத்தில் சென்ரர். வலைப்பந்தில் சென்ரர் மைதானம் முழுக்க ஓடலாம், ஆனால் கோல் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஆயுள் முழுக்க ஆடினாலும் ஒரு கோல் போட முடியாது, அது விதி. என் திட்டத்திலும் மகனின் திட்டத்திலும் கோல் கணக்கில் உலகத்துச் சென்ரர் எல்லாருக்கும் ஒரே மார்க்கு. நான் பேனையை மூடினேன். தேத்தண்ணி கேட்கிற நேரம் அது இல்லை என்று எனக்கே விளங்கியது.

மறுநாள் ரகசியமாக இன்னொரு நிரல் போட்டேன்: உதவிக்கு ஆளில்லாமல் ஆடியது, 50 புள்ளி. தர்ஜினி முதலாமிடம், ஜோர்டான் இரண்டாமிடம், லெப்ரோன் எங்கேயோ. வீடு அமைதியாகிவிட்டது. மாமா மட்டும் சதாசிவத்துக்கு ஒரு நிரல் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார், பரிசீலனையில் இருக்கிறது.

வாசகர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு இழுபட்டுக் கிடந்தால், வெல்லவேண்டிய வீரரின் பெயரை மட்டும் முன்கூட்டியே எனக்கு அறிவியுங்கள். அவரே முதலாவதாக வரும்படி புள்ளித்திட்டம் தயாரித்துத் தரப்படும். கட்டணம் இல்லை. சென்ரர் ஆட்டக்காரரின் விண்ணப்பங்களை மாத்திரம் என் மனைவியின் பெயருக்கு அனுப்பவும்.